மரத்த விரலுக்கு ஏற்ற இரை

மரத்துப்போன விரல்களால் தூண்டிலில் இரை கொளுவுவது எப்படி என்று இணையத்தில் தேடினால், கிடைக்கிற மனிதர்கள் எல்லாரும் பனிக்கட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். உறைந்த ஏரியில் துளை போட்டு, பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு, ரெயின்போ ட்ரவுட் பிடிப்பவர்கள். கையுறையைக் கழற்றினால் கொஞ்ச நேரத்திலேயே விரல் மரத்துவிடும் என்பதால், எந்த இரை மீனுக்குப் பிடிக்கும் என்பதைப்போலவே எந்த இரை விரலுக்குள் நிற்கும் என்பதும் அவர்களுக்குப் பெரிய கேள்வி. அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள்.

மெல்பேர்னில் எந்த ஏரியும் உறைவதில்லை. ஆனாலும் அந்த ஜூன் மாதம் முழுவதும் வேலையிலிருந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், நான் பார்த்தது அவர்களைத்தான். மரத்திருந்தவை அப்பாவின் விரல்கள்.

அப்பா டண்டினொங் புறநகரில் காட்போட் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். ஜனவரியில் ஒரு தகடு அவருடைய வலது மணிக்கட்டின் உட்பக்கத்தை வெட்டியது. வைத்தியசாலையில் நரம்பைத் தைத்தார்கள். காயம் ஆறியது. ஆனால் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் உணர்வு இல்லை. தைத்த நரம்பு மெதுவாக வளர்ந்து விரல் நுனிக்கு வரவேண்டும், அதற்குக் கையைப் பாவித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார் சத்திர சிகிச்சை நிபுணர். ஜூலையில் சோதிப்பார்கள். அப்போதும் நுனியில் ஒன்றும் தெரியாவிட்டால் மறுபடி வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அதைப் பிந்தவிட்டால் பிறகு வெட்டியும் பயன் குறைவு.

இதையெல்லாம் தமிழில் அப்பாவுக்குச் சொன்னது நான். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் தருவதாகச் சொன்னார்கள். அப்பா வேண்டாமென்று தலையாட்டி என் பக்கம் விரலைக் காட்டினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். நான் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படித்து, இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் பாலையும் இறைச்சியையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒளிக்க மாட்டேன். வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் எனக்காக எடுத்து வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருப்பதாக அப்பா நம்பியதேயில்லை. நானும் கொஞ்சம் அப்படித்தான்.

இரண்டாவது முறை வெட்டுவார்கள் என்ற சொல்தான் அப்பாவின் தலைக்குள் நின்றது. கையைப் பாவிக்க வேண்டும் என்ற சொல் நிற்கவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் ஒரு சின்ன டப்பாவில் களிமண்போன்ற பச்சை நிறக் களி தந்திருந்தாள். ஒரு நாளைக்குப் பல தடவை அதைப் பிசைந்து, கிள்ளி, உருட்ட வேண்டும். அப்பா இரண்டு நாள் பிசைந்தார். மூன்றாம் நாள் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"நான் என்ன பாலர் வகுப்போ?" என்றார். அதற்குப் பிறகு வலது கை பெரும்பாலும் ஜக்கெட் பொக்கெட்டுக்குள்தான். தேநீர், சோறு, கார்க் கதவு எல்லாம் இடது கை.

அம்மா கெஞ்சினார். நான் விளக்கினேன், நரம்பின் படம் கீறிக்கூட விளக்கினேன். அப்பா படத்தைப் பார்த்து, "வடிவாக் கீறியிருக்கிறாய்" என்றார்.

ஒவ்வொரு குளிர்காலமும் பள்ளி விடுமுறைக்கு முன்னர், பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரவுட்டுகளை லொறியில் கொண்டுவந்து நகரத்து ஏரிகளில் விடுவார்கள். அப்பா வேலைத்தலத்து நண்பர்களோடு போய்ப் பழகி, அவர்களைவிடக் கெட்டிக்காரர் ஆகிவிட்டவர். வீட்டுப் பின்வளவில், கறிவேப்பிலைச் சாடிகளின் அடியில் அவர் கிண்டியெடுக்கும் மண்புழுதான் இரை. புழுவைத் தூண்டிலில் தைக்கும்போது அது நெளிந்துகொண்டே இருக்கும்படி ஏற்றுவார். கடையில் இரை வாங்குபவர்களை அவர் மீன்பிடிக்காரராகவே கணக்கெடுப்பதில்லை.

இந்த வருடம் ஏரிக்கு வரவில்லை என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரால் ஒரு சட்டைப் பொத்தானைப் பிடிக்க முடியாது. புழுவை எங்கே பிடிப்பது?

அப்போதுதான் அந்தப் பனிக்கட்டி மனிதர்களிடம் போனேன். அவர்கள் சொன்ன இரைகளை எல்லாம் சேர்த்தேன். மண்புழு, இறால் துண்டு, டின் சோளம், உப்பிட்ட சல்மன் முட்டை, மெழுகுப் புழு, பசைபோலப் பிசையும் களி இரை. மெழுகுப் புழு மீன்பிடிக் கடையில் இல்லை, ஸ்பிரிங்வேலில் செல்லப்பிராணிக் கடையொன்றில் வாங்கினேன். அதைப் பிறிஜ்ஜுக்குள் வைத்ததுதான் பிழை.

"பல்லிக்குக் குடுக்கிற புழுவை ஆர் என்ர தயிருக்குப் பக்கத்தில வச்சது?" சமையல் நடந்துகொண்டிருந்த குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் வெள்ளிக்கிழமை விரதக்காரியெண்டு தெரியாதோ?"

"அது மூடிக் கிடக்கம்மா."

"மூடிக் கிடந்தா புழு இல்லையோ?"

புழு கராஜுக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா முடி வெட்டப் போயிருந்த நேரம், குசினி மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். ஒரு பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வலது கையை மரக்கும்வரை அதற்குள் வைத்திருந்தேன். பிறகு ஒவ்வொரு இரையாகத் தூண்டிலில் கொளுவிப் பார்த்தேன். ஆய்வுகூடத்தில் மாதிரிகளைச் சோதிப்பதைப்போலத்தான். மண்புழு வழுக்கி மேசைக்குக் கீழே போனது. சோளம் நசிந்தது. முட்டை வெடித்துச் சாறு கண்ணில் தெறித்தது. மெழுகுப் புழு சின்னது, அதைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை. இறாலில் தூண்டில் ஏறவில்லை. களி இரை மட்டும் விரலுக்குள் நின்றது. கிள்ளி, உருட்டி, தூண்டிலைச் சுற்றி அமுக்கினால் போதும்.

கிள்ளி, உருட்டி, அமுக்குவது. நான் மரத்த கையோடு அந்த இளஞ்சிவப்பு உருண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தெரபிஸ்ட் தந்த பயிற்சிகள் அத்தனையும் அதில் இருந்தன. வெள்ளுள்ளி மணமும் மினுக்கமும் மட்டும்தான் கூடுதல். அப்பா ஒரு காலைப்பொழுது முழுக்க இதைப் பிசைவார், பயிற்சி என்று அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோசம். கையைச் சுடுதண்ணீர்க் குழாயின் கீழே பிடித்தேன். சில நிமிடங்களில் உணர்வு திரும்பி வந்து, ஊசி ஊசியாகக் குத்தியது. அப்பாவின் கை எப்படியிருக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டதாக அன்று நினைத்தேன்.

களி இரை வந்த போத்தலில், கறுப்புக் கண்ணாடி போட்ட மீன் ஒன்று சிரிக்கும் படம் இருந்தது. பிள்ளைகளுக்கு ஏற்றது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்பாவுக்கு எழுத்து வேண்டாம், படமே போதும். எல்லாவற்றையும் வழித்து ஒரு பழைய மாஜரின் டப்பாவுக்குள் மாற்றினேன். எங்கள் வீட்டில் எந்த டப்பாவுக்குள்ளும் அதன்மேல் எழுதியது இருப்பதில்லை, ஆகவே யாரும் கேட்க மாட்டார்கள்.

மிச்ச வேலையைக் கனடாவில் இருக்கும் மாமாவிடம், அம்மாவின் தம்பியிடம், விட்டேன். அவர் உண்மையாகவே ஐஸ் மேல் போயிருந்து மீன் பிடிப்பவர். நான் கேட்டபடி அப்பாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"அத்தான், மண்புழுவெல்லாம் பழைய கதை. இஞ்ச குளிருக்குள்ள புழு கம்பி மாதிரி விறைச்சுப்போகும். களி இரைதான் திறம், ட்ரவுட்டுக்கு அதில பைத்தியம். புழு போடுறவங்கள் அதைச் சூடா வச்சிருக்கிறதுக்குச் வாயில, சொண்டுக்குள்ள வச்சிருக்கிறாங்கள், அம்மாவாண நான் கண்ணால கண்டனான்!"

அப்பா இரண்டு தரம் போட்டுக் கேட்டார். "உம்மட தம்பி புழு தின்னத் தொடங்கீற்றான் போல கிடக்கு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த சனிக்கிழமை போவோம் என்றார். மீன் விடுவது வெள்ளிக்கிழமையாக இருந்தாலும், விரத நாளில் வீட்டுக்கு மீன் வராது. அதனால் நாங்கள் எப்போதும் சனிக்கிழமைதான்.

ஏரிக்கரை முழுக்க ஆட்கள். புல்லில் வெண்பனி. வாயைத் திறந்தால் புகை. நான் மடக்குக் கதிரைகளை விரித்தேன். அப்பா டப்பாவைத் திறந்து முகர்ந்தார்.

"உள்ளி மணக்குது. பொரிச்சுத் தின்னலாம் போல கிடக்கு."

"மாமா சொன்னது உதுதான்."

முதல் உருண்டையை இடது கையால் கிள்ளினார். தூண்டிலை இடது கையில் பிடிக்கவேண்டி வந்ததால் உருண்டை வலது கைக்கு மாறியது. அந்தக் கை பொக்கெட்டிலிருந்து வெளியே வந்து, எல்லாருக்கும் முன்னால், வேலை செய்தது. கண்ணால் பார்த்துப் பார்த்து, பெருவிரலைச் சுட்டுவிரலுக்கு எதிரே கொண்டுவந்து அமுக்கினார். உருண்டை கோணலாக இருந்தது. ஆனால் நின்றது. வீசினார். இழுத்தபோது களி கழன்றிருந்தது. மறுபடி கிள்ளினார். நான் வேறு பக்கம் பார்ப்பதுபோல அந்த விரல்கள் அமுக்குவதையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து தரம். ஆறு தரம்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர் எங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் கம்பளித் தொப்பி. சிரித்துக்கொண்டே வந்தார்.

"தமிழாங்க? நானும்தான். திருச்சி. ஏதாவது மாட்டுச்சா, அண்ணே?"

"இன்னும் இல்லைத் தம்பி. உங்களுக்கு?"

"ரெண்டு." வாளியைச் சரித்துக் காட்டினார். பக்கவாட்டில் ரோசாக் கோடு ஓடிய இரண்டு மீன்கள். "எல்லாம் இதோட மகிமைங்க. குழந்தைங்களுக்குன்னு கடையில வச்சிருந்தாங்க. படத்தைப் பாருங்க, மீனு கூலிங் கிளாஸ் போட்டிருக்கு! ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்க. ஆனா பண்ணையில வளர்ந்த மீனுங்க பாருங்க, உருண்டைத் தீனி தின்னுதான் பழக்கம். புழுவைக் கண்டா அதுங்களுக்கு என்னன்னே தெரியாது."

போத்தலைத் திறந்து காட்டினார். இளஞ்சிவப்பு, மினுக்கம், உள்ளிமணம். அப்பா போத்தலைப் பார்த்தார். மடியிலிருந்த மாஜரின் டப்பாவைப் பார்த்தார். "ஓமோம், நல்ல சாமான்" என்று அவரிடம் மரியாதையாகச் சொன்னார். அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போகும்வரை பொறுத்திருந்தார்.

"உதுதானே இது?"

"ஓம் அப்பா."

"மாமா சொன்னது?"

"நான்தான் சொல்லச் சொன்னனான்."

கையிலிருந்த உருண்டையை இன்னும் ஒருதரம் அமுக்கினார். கண்டுபிடித்துவிட்டார் என்பது அந்த அமுக்கலிலேயே தெரிந்தது. "லாச்சிக்குள்ள கிடக்கிற பச்சைக் களிக்குப் பதிலா றோசாக் களி. என்ன?"

நான் குனிந்து கதிரைக் காலைச் சரிசெய்தேன்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வந்திருப்பியளோ?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல மாட்டார். "வந்திருக்க மாட்டன்" என்றார்.

டப்பாவை மூடி என் கதிரைக்குக் கீழே வைத்தார். ஜக்கெட்டின் உள் பொக்கெட்டிலிருந்து ஒரு சின்னத் தகர டின்னை எடுத்தார். மண்ணும் புழுவும். காலையில் நான் காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது பின்வளவில் இடது கையால் கிண்டியிருக்கிறார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்தார். தோள்கள் மட்டும் அசைந்தன. புழு இரண்டு தரம் விழுந்தது, குனிந்து எடுத்தார். உதவட்டுமா என்று கேட்க எழுந்தேன், கேட்கவில்லை. வேலைத்தலத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பால் லொறி நகராது. இங்கே ஒரு மண்புழுவைப் பிடித்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

கடைசியில் அவர் தூண்டில்தடியை எடுத்து வீசப் போனார். தடி பாதியில் நின்றது.

"நூல் எங்கயோ மாட்டீற்றுது. பார் பிள்ளை" என்றார். இன்னொரு தரம் தடியைச் சுண்டி இழுத்தார்.

நான் அவருடைய காலடியைப் பார்த்தேன். கதிரைக் காலைப் பார்த்தேன். நூலைப் பிடித்துக்கொண்டே போனேன். அது அவருடைய வலது கையில் முடிந்தது. தூண்டில் சுட்டுவிரல் நுனிக்குள் போய், அதன் எதிர்முள்ளும் உள்ளே போயிருந்தது. இரத்தம் உள்ளங்கையில் இறங்கிச் சட்டைக் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. புழு அதில் இன்னும் நெளிந்தது. அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டு, நூலை நான் கழற்றி முடிப்பதற்காகக் காத்திருந்தார்.

"அப்பா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து, பிறகு நான் பார்த்த இடத்தைப் பார்த்தார்.

திருச்சிக்காரர்தான் குறட்டோடு ஓடிவந்தார்.

"முள்ளை முன்னால தள்ளி வெட்டிட்டுத்தான் எடுக்கணும், அண்ணே. வலிக்கும். பல்லைக் கடிச்சுக்கோங்க."

"கடிக்கிறதுக்கு ஒண்டுமில்லைத் தம்பி. நீங்க எடுங்கோ."

தோலைப் பொத்துக்கொண்டு முள் வெளியே வந்தது. அப்பா வேறு யாருடையதோ கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிமிட்டவில்லை.

"யப்பா! என்னா தைரியம்!" என்றார் அவர், உண்மையான வியப்போடு. "எனக்கா இருந்தா ஏரியே கலங்குற மாதிரி கத்தியிருப்பேன். உங்க அப்பா பெரிய ஆளுங்க."

நான் ஓமென்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? போகும்போது வற்புறுத்தி ஒரு மீனைத் தந்துவிட்டார்.

காருக்குள் ஹீட்டர் சூடானது. பிறகு அப்பா, விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தபடியே சொன்னார். "கொம்மாவுக்குச் சொல்லாத."

"ம்."

"செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில கேட்பினம். கொஞ்சம் கொஞ்சமா வருது எண்டு சொல்லு."

"அப்பா, சோதிப்பினம்."

"சோதிக்கட்டும். நான் தமிழில சொல்லுறதை நீ இங்கிலீசில சொல்லு. அவ்வளவுதானே உன்ர வேலை."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவரைக் கத்திக்குக் கொண்டுபோய் விடுவது நான். பொய்யைச் சொன்னால், வெட்டிப் பார்க்க இருக்கிற காலத்தையும் கடத்திவிடுவது நான். சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்தார், தூங்கும் குழந்தையின் கையை எடுத்து வைப்பதைப்போல.

வீட்டில் அம்மா மீனைக் கண்டதும் கனடாவுக்கு அழைப்பெடுத்தார். "உன்ர களி வேலை செய்யுதடா! அத்தான் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறார்." அப்பா மறுக்கவில்லை. விரலில் என்ன என்று கேட்டதற்கு, மீனின் செட்டை கீறிவிட்டது என்றார். அம்மா அதைப் பொரித்தார். அப்பா இடது கையால் தன் பங்கு முழுவதையும் சாப்பிட்டார். நான் பாதியில், முள் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, ஜூலைச் சோதனைக்காக, தெரபிஸ்ட்டுக்கு முன்னால் மேசையில் அப்பாவின் கை மல்லாந்து கிடந்தது. தெரபிஸ்ட்டுக்கு என் வயதுதான் இருக்கும். பிளாஸ்ரரைக் கண்டு, இது என்ன என்று கேட்டாள்.

"இரை கொளுவேக்க குத்தீற்றுது எண்டு சொல்லு" என்றார் அப்பா. "குத்தின உடன கையை இழுத்தனான் எண்டும் சொல்லு."

இரண்டையும் சொன்னேன். என் குரல் எந்த இடத்திலும் தடுக்கவில்லை. அவள் முகம் மலர்ந்தது. இழுத்தாரா, அது மிக நல்ல செய்தி என்று சொல்லி எழுதிக்கொண்டாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

பிறகு அவள் மெல்லிய இழைகள் பொருத்திய சின்னக் குச்சிகளை எடுத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். எங்கே தொட்டாலும், தொட்டது தெரிந்த உடனே ஓமென்று சொல்ல வேண்டும். நான் தமிழில் சொன்னேன். அப்பா கண்ணை மூடி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சின்னவிரலைத் தொட்டாள். "ஓம்." மோதிரவிரலின் வெளிப்பக்கம். "ஓம்." அந்த விரல்களில் ஒருபோதும் குறை இருந்ததில்லை. நடுவிரல் நுனியில் இழை வளையும்வரை அமுக்கினாள். அப்பா காத்திருந்தார். குச்சியை மாற்றி, தடித்த இழையால் பெருவிரலை அமுக்கினாள். பிளாஸ்ரருக்கு மேலே, சுட்டுவிரலின் இரண்டாம் கணுவை. இன்னும் தடித்தது. தோலில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்து மறைந்தன. அப்பாவின் முகத்தில் அவ்வளவு கவனம் இருந்தது. தலையைக் கொஞ்சம் சரித்து, பரீட்சை எழுதுகிறவரைப்போல.

"என்ன, எழுதிக்கொண்டிருக்கிறாவோ?" என்றார் கண்ணைத் திறக்காமல். "மற்ற விரலுகளையும் தொடங்கச் சொல்லு பிள்ளை."

அப்போது அவருடைய பெருவிரலின் மேல் இழை வில்லாக வளைந்திருந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று தெரபிஸ்ட் என்னைக் கேட்டாள். எனக்கு இரண்டு மொழியும் தெரியும். இரண்டிலும் வாய் திறக்க முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், குச்சியை எடுத்து மேசையில் வைத்தாள், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பாவின் கையை யாரும் தொடவில்லை.

"ஓம்" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, இன்னும் உறுதியாக, "ஓம்."